விட்டுப்போன லோ கார்ப் உணவுமுறைக்குத் திரும்புவது எப்படி? கூச்சத்தையும் சோர்வையும் கடக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடும் லோ கார்ப் முறையை முதல்முறை தொடங்குபவருக்கு என்ன சாப்பிடுவது என்பதுதான் பெரிய கேள்வி. இரண்டாம் முறையோ நான்காம் முறையோ தொடங்குபவருக்கு அந்தக் கேள்வியே கிடையாது. காலிஃபிளவரைத் துருவி உப்புமா கிண்டத் தெரியும். எந்தக் காயில் மாவுச்சத்து குறைவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவரைத் தடுப்பது வேறொன்று. "அன்னைக்கு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சோம், இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மறுபடி ஆரம்பிக்கிறது?" என்ற எண்ணம்.

இந்தக் கூச்சம் மனதுக்குள் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. எடை பார்க்கும் மெஷின் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக்கொண்டிருந்த சர்க்கரைப் பரிசோதனை "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போகிறது. கூடவே டயட்டில் இருந்த நண்பரின் போனை எடுக்க மனம் வருவதில்லை. வீட்டில் எல்லோர் முன்னாலும் முட்டையும் கீரையும். வேலை முடிந்து வரும் வழியில் பேக்கரி முன்னால் வண்டி நிற்கிறது, இரண்டு பப்ஸும் ஒரு தேங்காய் பன்னும் அங்கேயே முடிந்து, வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறோம். மறைத்துச் சாப்பிடுவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, சாப்பிட்டவர் உட்பட. விட்ட எடை திரும்ப ஏறுவதில் தீபாவளிப் பலகாரத்தைவிட இந்த ஒளித்தலுக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் உறுதியான கருத்து. அதனால்தான் இந்த வழிகாட்டியில் சாப்பாட்டுப் பட்டியல் பின்னால் வருகிறது. ஒளித்து வைத்தவற்றை வெளியே எடுப்பது முதலில்.

முதல் படி: உடம்புக்குள் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

"எனக்கு மன உறுதி இல்லை" என்ற தீர்ப்பை நீங்களே எழுதி வைத்திருப்பீர்கள். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

2011-இல் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உடல் பருமன் உள்ள 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் வைத்தார்கள். முடித்தவர்களுக்குச் சராசரியாக 13 கிலோவுக்கு மேல் குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் கூடியிருந்தது, போதும் என்று சொல்லும் லெப்டின் ஹார்மோன் குறைந்திருந்தது. இது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஓர் ஆண்டு கழித்து, எடையில் ஒரு பகுதி திரும்பி வந்த பிறகும்கூட, பசி பழைய நிலைக்கு இறங்கவில்லை. அதாவது, எடை குறைந்த உடம்பு ஒரு வருஷம் ஆகியும் இழந்ததைத் திரும்பப் பெறப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. உங்களுக்கு ராத்திரி பத்து மணிக்கு வந்த அந்தப் பசி கற்பனை இல்லை.

இன்னொன்று. அமெரிக்காவில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு 609 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2018-இல் வெளியானது. ஒரு பாதிப் பேர் குறைந்த கொழுப்பு, மறு பாதிப் பேர் குறைந்த மாவுச்சத்து. வருஷம் முழுக்க 22 வகுப்புகள், கூடவே ஆலோசகர்கள். மாவுச்சத்துக் குழு முதல் எட்டு வாரத்தில் நாளைக்கு 20 கிராம் வரை இறங்க முயன்று, அப்புறம் தங்களால் நிலைத்து இருக்க முடிகிற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொள்ளலாம். வருஷக் கடைசியில் அவர்கள் சராசரியாகச் சாப்பிட்டது சுமார் 130 கிராம். இரண்டு குழுவுக்கும் எடை இறக்கம் ஏறக்குறைய ஒன்றுதான், ஐந்து ஆறு கிலோ. ஆனால் ஒரே குழுவுக்குள் 20 கிலோவுக்கு மேல் இறங்கியவர்களும் இருந்தார்கள், எடை கூடியவர்களும் இருந்தார்கள்.

பயிற்சியாளர், வகுப்பு, உடன் வரும் கூட்டம் எல்லாம் இருந்தும் 20 கிராம் 130 ஆனது. ஆபீஸும் பிள்ளைகளின் பரீட்சையும் சொந்தக்காரர் கல்யாணமும் பார்த்துக்கொண்டு தனியாகச் செய்த உங்களுக்கு நழுவியதில் அதிசயம் என்ன இருக்கிறது?

இரண்டாம் படி: டாக்டரிடம் போங்கள், உண்மையைச் சொல்லுங்கள்

கூச்சத்தால் அதிகம் தவிர்க்கப்படுவதும் தவிர்க்கவே கூடாததும் இந்தப் படிதான்.

முதல்முறை டயட்டில் இருந்தபோது குறைத்த மாத்திரைகள், எடை ஏறிய பிறகு மறுபடி சேர்க்கப்பட்டிருக்கும். புது மாத்திரைகளும் வந்திருக்கலாம். அவற்றோடு சேர்த்து மாவுச்சத்தைச் சட்டென்று வெட்டினால் ஆபத்து. இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமிபிரைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் சர்க்கரை தாழ்நிலைக்கு விழும். கைநடுக்கம், வியர்வை, மயக்கம் வரும். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகள் இப்போது பரவலாக எழுதப்படுகின்றன. அவற்றோடு மிகக் குறைந்த மாவுச்சத்து சேர்ந்தால் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறும் அவசர நிலை வரலாம். அப்போது குளுக்கோமீட்டரில் சர்க்கரை அவ்வளவு அதிகமாகக் காட்டாது என்பதால் ஆபத்து வெளியே தெரியாது. இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு, உடம்பிலிருந்து உப்பும் நீரும் வெளியேறும் முதல் வாரத்தில் அழுத்தம் ரொம்ப இறங்கிவிடலாம். இந்த மாத்திரைகளை நீங்களாகக் குறைக்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், டைப் 1 சர்க்கரை நோயாளிகள் தாங்களாகத் தொடங்கவே கூடாது.

டாக்டர் முன்னால் என்ன சொல்வது என்று தயங்கினால், இதை அப்படியே சொல்லலாம்: "டாக்டர், போன தடவை அரிசி, கோதுமை, சர்க்கரை விட்டப்ப எடையும் சுகரும் குறைஞ்சுது. அப்புறம் விட்டுட்டேன், ஏறிடுச்சு. மறுபடி ஆரம்பிக்கப் போறேன். இந்த மாத்திரைகள்ல எதை மாத்தணும்?" இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. விட்டுவிட்டுத் திரும்பி வரும் நோயாளிகளை அவர் தினமும் பார்க்கிறார். அவர் திட்டினால், திட்டை விட்டுவிட்டு மாத்திரைக் கணக்கை மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள். ஒவ்வொரு முறையும் அவமானப்படுத்துகிறவராக இருந்தால் வேறு டாக்டரைப் பாருங்கள், அதில் தவறே இல்லை.

வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி (ஏறக்குறைய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), கொழுப்பு அளவுகள், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், யூரிக் அமிலம், தைராய்டு ஆகியவற்றை ஒருமுறை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து ஒப்பிட இவை வேண்டும்.

மூன்றாம் படி: மெஷினை வெளியே எடுங்கள்

காலையில், கழிவறை போய்வந்த பிறகு, எதுவும் சாப்பிடும் முன், ஏறி நில்லுங்கள். எண்ணைப் பார்த்ததும் நெஞ்சு பதைக்கும். தேதியோடு எழுதிவிடுங்கள், பழைய எடையைப் பக்கத்தில் எழுதாதீர்கள். அப்புறம் ஒரு டேப்பை எடுத்துத் தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்றளவு. தெற்காசியர்களுக்கு ஆண்களில் 90 சென்டிமீட்டர், பெண்களில் 80 சென்டிமீட்டர் தாண்டினால் வயிற்றுக் கொழுப்பு கூடுதல் என்று வைத்திருக்கிறார்கள். எடை அசையாத வாரங்களில் இந்த டேப்தான் கைகொடுக்கும்.

அந்த எண்ணை எப்படிப் படிப்பது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பகுதி கிளைகோஜனாகச் சேமிக்கப்படுகிறது. தசைகளில் சுமார் 400 கிராம், கல்லீரலில் சுமார் 100 கிராம். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறக்குறைய மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு கல்யாண வாரம் முழுக்கச் சாப்பிட்டதும் மெஷின் இரண்டு கிலோ கூட்டிக் காட்டுவது பெரும்பாலும் இந்த நீர்தான். திரும்ப லோ கார்புக்கு வந்த முதல் வாரத்தில் கடகடவென்று இறங்குவதும் அதே நீர்தான். ஏறும்போது "ஒரே வாரத்தில் எல்லாம் போச்சு" என்று உடைந்து போவதற்கும் காரணமில்லை, இறங்கும்போது துள்ளுவதற்கும் காரணமில்லை. இந்த ஒரு கணக்கு தெரியாததால், பொங்கல் முடிந்த மறுநாள் மெஷினைப் பார்த்து மனம் வெறுத்து, அந்த வருஷம் முழுக்க விட்டவர்கள் நிறையப் பேர்.

இனி வாரம் ஒரே ஒரு நாள் எடை பார்த்தால் போதும். தினமும் பார்ப்பது சிலருக்கு உதவும், ஆனால் கூச்சத்திலிருந்து மீண்டு வருபவருக்கு அது தினமும் ஒரு பரீட்சை எழுதுவது மாதிரி ஆகிவிடும்.

நான்காம் படி: போன தடவை எங்கே அறுந்தது?

ஒரு தாளை எடுத்து, யார் மேல் தப்பு என்று எழுதாமல், எந்த வாரத்தில், எந்த இடத்தில், எந்த வேளையில் விட்டது என்று எழுதுங்கள். "சோம்பேறித்தனம்" என்று எழுதினால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "அம்மா ஊருக்குப் போன பத்து நாள், சமைக்க ஆளில்லை, இரவு ஸ்விக்கி" என்று எழுதினால் செய்ய முடியும்.

நம் வீடுகளில் அறுகிற இடங்கள் பெரும்பாலும் இவைதான்.

வீட்டில் இரண்டு சமையல். எல்லோருக்கும் சோறு, சாம்பார், உங்களுக்கு மட்டும் தனி வாணலி. முதல் மாதம் உற்சாகத்தில் ஓடும், அப்புறம் சமைக்கிறவருக்குச் சலிப்பு, உங்களுக்குக் குற்ற உணர்ச்சி. சமைப்பவரே டயட்டில் இருக்கும் பெண் என்றால் நிலைமை இன்னும் மோசம். எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் உட்கார்ந்தால் மிச்சமிருப்பது சோறுதான். இதற்கு வழி, தனிச் சமையலை விட்டுவிட்டுப் பொதுச் சமையலின் அளவை மாற்றுவது. பொரியல் ஒரு கிண்ணம் செய்த இடத்தில் மூன்று கிண்ணம். மீன் குழம்பில் எல்லோருக்கும் இரண்டு துண்டு என்றால் உங்களுக்கு நான்கு துண்டு. உங்கள் பங்குப் பொரியலை அடுப்பிலிருந்து இறக்கும்போதே ஒரு டப்பாவில் எடுத்து மூடி வைத்துவிடுங்கள். மூன்று கிண்ணம் செய்தாலும் பந்தி முடிவதற்குள் காணாமல் போகும் பண்டம் அது.

சைவர்களுக்கு அறுப்பது அலுப்பு. முட்டையும் இல்லாத சைவம் என்றால் பன்னீர், பன்னீர், மறுபடி பன்னீர். மூன்றாவது வாரத்தில் அதன் வாசனையே பிடிக்காது. அவர்கள் மாவுச்சத்தை 20 கிராமுக்கு இறக்கும் கீட்டோ முறையை நோக்கி ஓடவே வேண்டாம் என்பேன். தயிர், டோஃபு, வேர்க்கடலை, தேங்காய், காளான், கீரைகள், அளவோடு சுண்டலும் பருப்பும் சேர்த்து ஒரு நாளைக்கு 80, 100 கிராம் மாவுச்சத்தில் நிற்பது அவர்களுக்கு நடைமுறையில் நிலைக்கும்.

பணம் இன்னொரு காரணம், ஆனால் யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். பாதாமும் வெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் வாங்கித்தான் லோ கார்ப் இருக்க முடியும் என்று யாரோ சொல்லி, மாதக் கடைசியில் கை கடிக்க, விட்டிருப்பீர்கள். முட்டை, மத்தி மீன், வறுத்த வேர்க்கடலை, முட்டைக்கோஸ், முருங்கைக்கீரை, வீட்டில் உறை ஊற்றிய தயிர். இவற்றிலேயே முழு மாதமும் ஓடும். பாதாம் இல்லாததால் எதுவும் கெட்டுவிடாது.

நான்காவது, பண்டிகைக்குத் திட்டமே இல்லாதது. நம் நாள்காட்டியில் ஆடிப்பெருக்குக்கும் தைப்பொங்கலுக்கும் இடையில் சும்மா இருக்கும் மாதமே கிடையாது. "இந்த தடவை ஒண்ணும் தொடமாட்டேன்" என்று சபதம் போடுவது திட்டம் ஆகாது. சபதம் உடைந்ததும் அடுத்த நாளும் போய்விடும். பொங்கலன்று காலை சர்க்கரைப் பொங்கல் ஒரு சிறு கிண்ணம் சாப்பிடுவேன், மதியத்திலிருந்து வழக்கமான சாப்பாடு என்று முன்னாலேயே முடிவெடுத்துச் சாப்பிட்டால், அது தவறி விழுந்தது ஆகாது. நீங்கள் வைத்த திட்டப்படி நடந்தது.

ஐந்தாம் படி: உங்கள் அளவைத் தேர்ந்தெடுத்து, சாதாரணமாகத் தொடங்குங்கள்

திரும்பத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் தண்டனையோடு தொடங்குகிறார்கள். "ஆறு மாசம் கண்டபடி தின்னாச்சு, நாளையிலிருந்து மூணு நாள் தண்ணி மட்டும்." இதைச் செய்யாதீர்கள். பட்டினியில் தொடங்கினால் நான்காம் நாள் இரவு எங்கே போய் முடியும் என்பது உங்களுக்கே தெரியும்.

பொதுவாக நாளைக்கு 130 கிராமுக்குக் கீழ் மாவுச்சத்து இருந்தால் லோ கார்ப். 20 முதல் 50 கிராம் வரை கீட்டோ. போன தடவை 20 கிராமில் இருந்து அறுந்திருந்தால், இந்தத் தடவை 100-இல் தொடங்குவது தோல்வியில்லை. இந்த எண் எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரிய ஒரு கணக்கு: சமைத்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. நடுத்தர இட்லி ஒன்றில் பத்து கிராம் அளவு. சப்பாத்தி ஒன்றில் 15-க்கு மேல். ஒரு வாழைப்பழத்தில் 25 வரை. முட்டையில் ஒரு கிராமுக்கும் கீழ். நாலு இட்லி, மதியம் இரண்டு கப் சோறு, இரவு மூன்று சப்பாத்தி, மூன்று டீ என்று சாப்பிடுபவர் 200-ஐ எளிதாகத் தாண்டுகிறார். அவர் 100-க்கு வந்தாலே பெரிய இறக்கம்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். திரும்பத் தொடங்குபவர்கள் பலர் "அரிசிக்குப் பதில் சிறுதானியம்" என்று வந்து நிற்கிறார்கள். கேழ்வரகு, தினை, வரகு எல்லாவற்றிலும் 100 கிராம் தானியத்தில் 60 முதல் 70 கிராம் வரை மாவுச்சத்துதான். நார்ச்சத்தும் சத்துகளும் அரிசியைவிட உண்டு, நல்ல உணவு. ஆனால் மூன்று வேளையும் தட்டு நிறைய வரகுச் சோறு லோ கார்ப் ஆகாது. இது தெரியாமல் ஒரு மாதம் இருந்து, எடை அசையவில்லை என்று மறுபடி தங்களையே நொந்துகொள்கிறார்கள்.

முதல் வாரத்துக்குப் புதிதாக எதையும் சமைக்க வேண்டாம். காலையில் வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை போட்ட மூன்று முட்டை ஆம்லெட். இரும்புத் தோசைக்கல்லில் நல்லெண்ணெய் ஊற்றி, ஓரம் லேசாக முறுகி வரும்வரை விட்டு எடுத்தால், தோசை இல்லாத குறை பாதி தீர்ந்துவிடும். முட்டை சாப்பிடாதவர்களுக்குத் தேங்காய்ச் சட்னியோடு பன்னீர் பொடிமாஸ். மதியம் தட்டில் முக்கால் பாகம் காயும் கீரையும் மீனோ கோழியோ பன்னீரோ, மீதிக் கால் பாகத்தில் ஒரு கரண்டி சோறு. சோற்றை முதல் நாளே முழுக்க நிறுத்தாதீர்கள். முதலில் பொரியலையும் மீனையும் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் அந்தக் கரண்டிச் சோற்றை ரசத்தில் பிசைந்து சாப்பிட்டால், வயிறு அப்போதே நிறைந்திருக்கும், இன்னொரு கரண்டி கேட்கத் தோன்றாது. இரவு முட்டைக்கோஸ் பொரியலும் தயிரும், அல்லது சிக்கன் சூப்பும் வெண்டைக்காய் வறுவலும். டீயில் சர்க்கரை வேண்டாம்.

மாவுச்சத்தை நன்றாகக் குறைத்தவர்களுக்கு இரண்டாம் நாளிலிருந்து தலைவலி, அசதி, எரிச்சல் வரலாம். இன்சுலின் இறங்கும்போது சிறுநீரகம் உப்பைக் கூடுதலாக வெளியேற்றுவதே இதற்கு முக்கியக் காரணம். உப்புப் போட்ட மோர், ஆட்டுக்கால் சூப், காய்கறி சூப் குடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் தொடர்பான பிரச்சினை உள்ளவர்கள் உப்பைக் கூட்டும் முன் டாக்டரைக் கேளுங்கள். இந்தத் தலைவலியை "நமக்கு இது ஒத்துக்கலை, விட்டுடலாம்" என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சில நாளில் போய்விடும்.

ஆறாம் படி: ஒரே ஒரு ஆளிடம் சொல்லுங்கள்

ஊருக்கே அறிவிக்க வேண்டாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பழைய படம், புதிய படம் எதுவும் வேண்டாம். ஆனால் யாரிடமும் சொல்லாமல் ரகசியமாகத் தொடங்கவும் வேண்டாம், ஏனென்றால் ரகசியமாகத் தொடங்கியதை ரகசியமாகவே நிறுத்திவிடலாம். கணவனோ மனைவியோ தங்கையோ பழைய நண்பரோ, கேலி செய்யாத ஒருவர் போதும். அவரிடம் "எடை ஏறிடுச்சு, இன்னைலேர்ந்து மறுபடி பாக்குறேன். வாரா வாரம் ஞாயித்துக்கிழமை எடையை உனக்கு அனுப்புறேன், அறிவுரை மட்டும் வேணாம்" என்று சொல்லுங்கள். முதல் ஞாயிறு அந்த எண்ணை அனுப்பக் கை கூசும். மூன்றாவது ஞாயிறு அது வெறும் எண் ஆகிவிடும்.

மற்றவர்களின் பேச்சு தனி. கல்யாண மண்டபத்தில் சித்தி பிடித்துக்கொள்வார்: "என்னடி, அவ்ளோ எளைச்சு வந்தே, மறுபடியும் ஏத்திட்டியே!" அந்த இடத்தில் சிரித்து மழுப்பினாலும் காரணம் அடுக்கினாலும் பேச்சு நீளும். "ஆமா சித்தி, கூடிடுச்சு. இப்ப பாத்துக்கிட்டு இருக்கேன். உங்க முட்டி வலி எப்படி இருக்கு?" உள்ளதை ஒப்புக்கொண்டுவிட்டால் அடுத்த கேள்விக்கு இடமில்லை. ஆபீஸில் "ப்ரோ, மறுபடியும் டயட்டா? எத்தனை நாளைக்கு?" என்பார்கள். "இன்னைக்கு மதியத்துக்கு" என்று சொல்லிவிட்டு டப்பாவைத் திறங்கள். அது உண்மையும்கூட.

அம்மாவின் பேச்சுக்குப் பதில் இன்னும் மென்மையாக வேண்டும். "ஒரு கரண்டி சோறு போட்டுக்கப்பா, சோறு இல்லாம எப்படி தெம்பு வரும்?" என்பதில் கேலி கிடையாது, பயம்தான் இருக்கிறது. "பொரியல் இன்னும் ரெண்டு கரண்டி போடும்மா, ரசத்தை டம்ளர்ல குடு" என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். அவருக்கு வேண்டியது பிள்ளை வயிறார உண்பதைப் பார்ப்பது. மறுத்துக்கொண்டே இருந்தால் சண்டை, கேட்டு வாங்கினால் சமாதானம்.

இந்த அவமானம் இன்றைக்கு வந்ததும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் லண்டனில் இறுதிச் சடங்கு ஏற்பாடுகள் செய்யும் தொழிலில் இருந்த வில்லியம் பேன்டிங், மாவுச்சத்தைக் குறைத்து எடை இறக்கியதை 1863-இல் ஒரு சிறு வெளியீடாக அச்சிட்டார். நவீன லோ கார்ப் வரலாறு பெரும்பாலும் அவரிடமிருந்துதான் சொல்லப்படுகிறது. அவர் பல வருஷம் படகு வலித்தார், நீராவிக் குளியல் எடுத்தார், பட்டினி கிடந்தார், ஒன்றும் நிலைக்கவில்லை. குனிந்து ஷூ கயிறு கட்ட முடியாது. பொது வண்டிகளிலும் கூட்டங்களிலும் ஏளனப் பேச்சு கேட்டு, வெளியே போவதையே தவிர்த்ததாக எழுதியிருக்கிறார். 1862-இல், 65 வயதைத் தாண்டிய பிறகு, காது கேளாமைக்காகப் பார்க்கப் போன மருத்துவர் வில்லியம் ஹார்வி சொன்ன உணவுமுறையில் ஓராண்டில் 20 கிலோவுக்கு மேல் குறைந்தது. அவர் பட்டியலில் அதற்கு முன்னால் இருந்தவை எல்லாம் விட்டுப்போன முயற்சிகள்.

ஏழாம் படி: நழுவும் நாளுக்கு இன்றே எழுதி வையுங்கள்

நழுவும். அதை இப்போதே ஒப்புக்கொண்டு, அந்த நாளுக்கான ஏற்பாட்டைச் செய்துவிடுங்கள்.

1975-இல் உளவியல் ஆய்வாளர்கள் பீட்டர் ஹெர்மனும் டெபோரா மேக்கும் ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்கு மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, சிலருக்குக் கொடுக்காமல், ருசி பார்க்க ஐஸ்கிரீம் வைத்தார்கள். சாதாரணமாகச் சாப்பிடுபவர்கள் மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். உணவைக் கட்டுப்படுத்தி வாழ்பவர்களோ மில்க் ஷேக் குடித்த பிறகு இன்னும் அதிகமாக ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். "இன்னைக்குப் போச்சு, இனி என்ன" என்ற மனநிலை. ஆபீஸில் யாரோ பிறந்தநாள் கேக் ஒரு துண்டு நீட்ட, அதற்குப் பிறகு மாலை பஜ்ஜி, இரவு பரோட்டா, "திங்கக்கிழமைலேர்ந்து பாத்துக்கலாம்" என்று போவது இதேதான். கேக் துண்டால் கெடுவது கொஞ்சம்தான். அந்தத் துண்டுக்கும் திங்கட்கிழமைக்கும் இடையில்தான் எல்லாம் நடக்கிறது.

2007-இல் கிளேர் ஆடம்ஸ், மார்க் லியரி இருவரும் செய்த இன்னொரு சோதனையில், கல்லூரிப் பெண்களுக்கு டோநட் சாப்பிடக் கொடுத்தார்கள். அப்புறம் ஒரு பகுதியினரிடம் மட்டும், இதை எல்லோரும்தான் சாப்பிடுகிறார்கள், உங்களையே கடிந்துகொள்ள வேண்டாம் என்கிற தொனியில் நாலு வார்த்தை சொன்னார்கள். பிறகு மிட்டாய் வைத்தபோது, உணவைக் கட்டுப்படுத்தி வாழும் பெண்களில் அந்த ஆறுதலைக் கேட்டவர்கள் கேட்காதவர்களைவிடக் குறைவாகச் சாப்பிட்டார்கள். "நம்மளை நாமே திட்டினாத்தான் திருந்துவோம்" என்று வளர்ந்தவர்கள் நாம். குறைந்தபட்சம் சாப்பாட்டு விஷயத்தில் அது நேர்மாறாக வேலை செய்கிறது.

எனவே ஒரு அட்டையில் இப்படி எழுதி, போன் கவருக்குள் வையுங்கள்: "திட்டமில்லாமல் ஏதாவது சாப்பிட்டால், அடுத்த வேளை என் வழக்கமான சாப்பாடு." அடுத்த வேளைதான், அடுத்த நாள் இல்லை. அந்த வேளையைத் தவிர்த்து ஈடுகட்டுவதும் வேண்டாம். சாப்பிட்டதை ஞாயிற்றுக்கிழமை ஆளிடம் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்: "மதியம் பிரியாணி, நைட்டு ஆம்லெட்." ஒளித்தால்தான் அது வளரும்.

லண்டனில் பிலிப்பா லாலி குழு 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது, ஆளைப் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பைத் தரவில்லை. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று கேட்டு, 22-ஆம் நாளும் கஷ்டமாக இருக்கிறதே என்று சோர்ந்தவர்கள் இந்த 254-ஐ நினைவில் வையுங்கள்.

எட்டாம் படி: போன தடவையோடு ஒப்பிடாதீர்கள்

முதல் தடவை முதல் மாதத்தில் ஐந்து கிலோ போயிருக்கும். இந்தத் தடவை இரண்டு. அப்போது தொடங்கியது 250 கிராம் மாவுச்சத்திலிருந்து, இப்போது ஏற்கெனவே கொஞ்சம் குறைவாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம், ஆகவே வெளியேறும் நீரும் குறைவு. வயது கூடியிருக்கும், பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலம் வந்திருக்கலாம், புது மாத்திரை சேர்ந்திருக்கலாம். பழைய வரைபடத்தை எடுத்துப் பார்க்காதீர்கள். பீரோவில் வைத்திருக்கும் "அந்த" பழைய சட்டையையும் மேல் தட்டுக்கு மாற்றிவிட்டு, இப்போதைய உடம்புக்குச் சரியாகப் பொருந்தும் இரண்டு உடை வாங்குங்கள். இறுக்கிப் பிடிக்கும் உடையோடு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்கு ஒவ்வொரு மணி நேரமும் தன் மேலேயே வெறுப்பு வரும்.

எப்போது இது டயட் பிரச்சினை மட்டும் இல்லை

யாருக்கும் தெரியாமல், நிறுத்த முடியாமல், வயிறு வலிக்கும் அளவுக்கு அடிக்கடி சாப்பிடுவது. சாப்பிட்டதை வாந்தி எடுக்க முயல்வது, மலமிளக்கி எடுப்பது. எடையை நினைத்து வாழ்வே வேண்டாம் என்று தோன்றுவது. இவற்றில் எது இருந்தாலும் புதிய உணவுக் கட்டுப்பாடு எதையும் தொடங்காதீர்கள், கட்டுப்பாடு அதை மோசமாக்கும். மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

மூன்று மாதம் கழித்து

தொடக்கத்தில் எடுத்த அதே பரிசோதனைகளைத் திரும்ப எடுங்கள். ஹெச்பிஏ1சி ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைச் சொல்வதால், இடையில் நடந்த கல்யாணமும் கேக் துண்டும் உட்பட உண்மையான படம் அதில் இருக்கும். எடை, இடுப்பளவு, சர்க்கரை, இரத்தக் கொழுப்பு வகைகளில் ஒன்றான டிரைகிளிசரைடு ஆகியவற்றில் எது அசைந்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டாவது அசைந்து முதலாவது அசையாமல் இருப்பது சகஜம். கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் வெகுவாக ஏறியிருந்தால் டாக்டரிடம் காட்டி, வெண்ணெய், தேங்காய் எண்ணெயைக் குறைத்து மீன், கடலை, நல்லெண்ணெய் பக்கம் நகருங்கள். ஒன்றுமே அசையவில்லை என்றால், ஒரே ஒரு வாரம் வாயில் போட்ட எல்லாவற்றையும், டீக்கடை பிஸ்கட்டையும் குழந்தை மிச்சம் வைத்த தோசையையும் சேர்த்து எழுதி, நாலாம் படியில் எழுதிய அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அளவு 100 கிராம் என்று நினைத்தது 160 ஆக இருக்கலாம். அப்படி இருந்தால் ஒரு வேளையை மட்டும் எடுத்துக்கொண்டு, பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டை, அதை மட்டும் ஒரு மாதம் சரி செய்யுங்கள்.